அபாயக் கோடும் வாணியாறும்

(ஏற்காட்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோர வெள்ளமும் காலநிலை அரசியலும் என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சானதும் கடலூரில் எனக்கு வேண்டிய ஒருவர் கேட்டார்: “ஏற்காட்டுக்காரங்க கிட்டப் போயா கடல் மட்டத்தைப் பத்திப் பேசப்போறீங்க? அவங்க ஐயாயிரம் அடி உயரத்துல இருக்காங்க.” கடல் இங்கே ஏறி வராதுதான். ஆனால் இங்கிருந்து தண்ணீர் எங்கள் ஊருக்கு இறங்கி வருகிறது. நான் கடலூர்க்காரன். உங்களோடு எனக்குள்ள உறவு அந்தத் தண்ணீர் வழி வந்த உறவு.

சேர்வராயன் கோயில் இருக்கும் 1,623 மீட்டர் உயரத்து மேட்டில் மழை பெய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே வழியும் தண்ணீர் திருமணிமுத்தாறாகிச் சேலம் நகரத்துச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு காவிரியில் கலக்கும். மேற்கே வழிவது சரபங்கா; அதுவும் காவிரிக்குத்தான் போகிறது. வடக்கிலும் கிழக்கிலும் இறங்குவது வாணியாறு. பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே 65 அடி அணையில் கொஞ்ச நாள் தங்கி, அரூர்ப் பக்கம் போய்த் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து, கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில் கடலைத் தொடுகிறது. உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் விழுந்த மழை, எங்கள் மீனவர் படகு கட்டும் முகத்துவாரத்தில் வந்து நிற்கிறது.

பாறையிலும் இந்த உறவு உண்டு. இந்த மலையின் சார்னோகைட் பாறைதான் சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்துக்கு வீடு அமைத்துக்கொண்டது உங்கள் ஏற்காட்டில்தான். கடலோரத்தையும் மலையையும் ஒரே நிலமாகப் பார்த்த மனிதர் அவர். நமது அரசாங்கத் துறைகள் அப்படிப் பார்ப்பதில்லை. கடற்கரை ஒரு துறை, ஆறு ஒரு துறை, மலை இன்னொரு துறை. வெள்ளம் வரும்போது இந்தத் துறைகளின் இடைவெளி வழியாகத்தான் வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்வதே பொருந்தாது. அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. கரையோரம் அடித்துவிட்டு ஓய்ந்துபோகும் என்று எல்லோரும் நினைத்தபோது உள்நாட்டுக்குள் நுழைந்து, அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் மறுபடி ஒரு 50 செ.மீ. கொட்டியது. ஊத்தங்கரை எங்கே, கடல் எங்கே! திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் இறங்கி ஒரே வீட்டில் இருந்த 7 பேர் போனார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து பேருந்து நின்றதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே சேலத்தில் திருமணிமுத்தாறு கரை மீறியது.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். சாத்தனூர் அணைக்கு வந்த நீரை அணையால் தாங்க முடியவில்லை. டிசம்பர் 1 நள்ளிரவை ஒட்டித் திறப்பு ஏறிக்கொண்டே போய் வினாடிக்கு 1,68,000 கன அடியைத் தொட்டது. தென்பெண்ணையின் இரு கரைகளிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரில் விழித்தார்கள். கடலூரை ஒட்டிய நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி ஆகிய ஊர்களை ஆறு சூழ்ந்தது. மழையோ முந்தின நாளே விட்டுவிட்டது, வெயில்கூட அடித்தது. அந்த வெயிலில்தான் தண்ணீர் ஏறியது என்று பலரும் சொல்லக் கேட்டேன். மழை பெய்த இடம் வேறு, முழுகிய இடம் வேறு.

அடுத்த நாளே சண்டை தொடங்கியது. முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் அணையைத் திறந்தார்கள் என்றார் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி, உங்கள் சேலம் மாவட்டத்துக்காரர். படிப்படியாக எச்சரிக்கை விடுத்த பிறகே திறந்தோம் என்றது ஆளும் தரப்பு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியபோது இதே வசனங்களை இதே இரு கட்சிகள் பேசின. ஆனால் ஆள் மாறி. 2015இல் குற்றம் சாட்டியவர் 2024இல் விளக்கம் சொன்னார், 2015இல் விளக்கம் சொன்னவர் 2024இல் குற்றம் சாட்டினார். நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. இரண்டு தடவையும் எவரும் கேட்காத கேள்வி ஒன்றிருக்கிறது: இவ்வளவு மழை இனி அடிக்கடி வரும் என்று தெரிந்த பிறகும், அணையைத் திறப்பதற்கான விதிகளும், கரையின் உயரமும், பாலத்தின் அகலமும் ஏன் பழைய மழைக் கணக்கிலேயே இருக்கின்றன?

பாலம் என்றேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் சுமார் 16 கோடி ரூபாயில் ஒரு பாலம் கட்டி, 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பரில் அது இல்லை. தரமற்ற வேலை என்று எதிர்க்கட்சி சொன்னது. அரசு தந்த விளக்கத்தைத்தான் நான் கவனமாகப் படித்தேன். பாலம் வினாடிக்குச் சுமார் 54,000 கன அடி போவதற்கு வடிவமைக்கப்பட்டது. வந்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே எங்கள் தவறில்லை என்பது விளக்கத்தின் சாரம். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த விளக்கமே ஒரு வாக்குமூலம் இல்லையா? 2024இல் திறக்கும் பாலத்துக்கு, இனிமேல் வரக்கூடிய வெள்ளத்தை எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்று அது சொல்கிறது.

காலநிலை மறுப்பு என்றதும் நமக்கு அமெரிக்க அரசியல்வாதிகள் நினைவுக்கு வருவார்கள். வட கரோலைனா மாநிலம் அதற்குப் பேர் போனது. கடலோரக் குழு ஒன்றின் அறிவியலாளர்கள், 2100க்குள் கடல் மட்டம் 1 மீட்டர் அளவுக்கு உயரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள் என்று 2010இல் சொன்னார்கள். கடலோர மாவட்டங்களின் நில வணிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 1 மீட்டர் என்று வரைபடத்தில் கோடு போட்டால் ஆயிரக்கணக்கான ஏக்கர் மனை விலை போகாது. 2012இல் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. கடல் மட்டத்தைக் கணிக்க வேண்டுமானால் 1900 முதல் இதுவரை உயர்ந்த அளவை வைத்து நேர்கோடாகவே நீட்ட வேண்டும், வேகம் கூடும் என்று வைத்துக் கணக்கிடக் கூடாது என்றது அதன் முதல் வடிவம். உலகமே சிரித்தது. பிறகு கொஞ்சம் நாகரிகமாகத் திருத்தி, சில ஆண்டுகளுக்கு ஒழுங்குமுறைக்காக எந்தக் கணிப்பையும் அரசுத் துறைகள் பயன்படுத்தக் கூடாது என்று நிறைவேற்றினார்கள்.

அந்த நேர்கோட்டில் என்ன விஷமம் என்று மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக்குழு தனது ஆறாவது மதிப்பீட்டில் தரும் கணக்கு இது. 1901 முதல் 1971 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். இரண்டையும் கலந்து ஒரே கோடாக இழுத்தால் சராசரி கிடைக்கும். முடுக்கம் காணாமல் போகும். பொய் சொல்லாமலே உண்மையை ஒளிக்கும் வழி அது. ஃபுளோரிடா 2024இல் இன்னும் எளிய வழியைப் பிடித்தது: காலநிலை மாற்றம் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவற்றை மாநிலச் சட்டங்களிலிருந்தே நீக்கிவிட்டது.

நம் நாட்டில் அப்படி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. 2014 செப்டம்பர் 5 ஆசிரியர் நாளன்று மாணவர்களோடு உரையாடிய பிரதமர் நரேந்திர மோடி, மாறியது காலநிலை அல்ல, நம் பழக்கவழக்கங்களும் தாங்கும் சக்தியும்தான் என்ற பொருள்படப் பேசினார். அடுத்த ஆண்டு நவம்பர் 30இல் பாரிஸில் பிரான்ஸ் அதிபரோடு சேர்ந்து பன்னாட்டுச் சூரிய ஆற்றல் கூட்டணியைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாடு 2022இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மேடையில் நமக்கு மறுப்பாளர்களே கிடையாது. எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் நான் பேச்சைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோப்பைப் பார்க்கத் தொடங்கினேன். நம்முடைய மறுப்பு கோப்புக்குள் இருக்கிறது, அதுவும் நல்ல அரசாங்க மொழியில்.

இப்போது அபாயக் கோட்டுக்கு வருகிறேன். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது. உச்ச ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும் மேல் எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. அதில் கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர் புதுக் கட்டுமானத்துக்கு மூடிய பகுதி. 2011இல் வந்த புதிய அறிவிக்கை ஒரு நல்ல காரியம் செய்தது. இந்தக் கோடெல்லாம் கடல் அசையாமல் இருக்கும் என்று நினைத்துப் போட்டது. கடலும் கரையும் நகர்கின்றன. எனவே அலை, ஓதம், கரை அரிப்பு, கடல் மட்ட உயர்வு எல்லாவற்றையும் சேர்த்து அபாயக் கோடு என்று ஒன்றை வரையுங்கள், அதையும் கட்டுப்பாட்டு எல்லைக்குள் கொண்டுவாருங்கள் என்றது. வரையும் பொறுப்பு இந்திய நில அளவைத் துறையிடம் போனது.

பிறகு 2014இல் மத்திய அரசு சைலேஷ் நாயக் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்த வழியே வந்து சேர்ந்ததுதான் 2019 ஜனவரி அறிவிக்கை. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறக் கரைகளில் மூடிய பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. அபாயக் கோடு? அது இருக்கிறது. வரைபடத்தில் காட்டலாம். ஆனால் அது பேரிடர் மேலாண்மைத் திட்டத்துக்கான ஒரு கருவி மட்டுமே என்று எழுதிவிட்டார்கள். கட்டிடம் கட்ட அனுமதி கொடுக்கும் மேசையில் அந்தக் கோட்டுக்கு வேலை இல்லை. கடல் இதுவரை வரும் என்று அரசே சொல்லும். அதற்கு முன்னால் கட்டிக்கொள்ளலாம் என்றும் அரசே சொல்லும். தண்ணீர் வந்ததும் படகை அனுப்பவும் அரசே தயாராக இருக்கும். வட கரோலைனாக்காரர்கள் கோட்டை வரையவே விடாமல் தடுத்து உலகத்தின் கேலிக்கு ஆளானார்கள். நாம் வரைந்து, சட்டம் போட்டு, அலமாரியில் வைத்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

வரைபடத்துக்கு வேறு வித்தைகளும் தெரியும். வடசென்னை எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே வரும் வெள்ளமெல்லாம் வடிய வேண்டிய இடம் அது. 1996இல் மத்திய அரசு ஏற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அந்தக் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. பின்னால் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணங்களைப் பெற்ற சூழல் செயற்பாட்டாளர்கள் 2017இல் வெளிக்கொண்டுவந்தார்கள். இடையில் அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பலும் கரைகளை நிரப்பிக்கொண்டிருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெய்க் கசிவும் அந்தக் கழிமுகத்துக்குள் வந்தது. இறால் தடவிப் பிழைக்கும் மக்களின் கைகாலெல்லாம் எண்ணெய். வரைபடத்தில் இல்லாத ஆற்றுக்குள் எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்கலாம்தான். கேட்டால் பதில் சொல்வதற்கு எந்தத் துறையும் இல்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு மறுப்பும் இருக்கிறது. அதைப் பற்றி என் நண்பர்கள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. காலநிலை மாற்றம் இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிப்பது. 2015 சென்னை வெள்ளம் பாரிஸ் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் வந்தது. பணக்கார நாடுகள் செய்த பாவம் சென்னையை மூழ்கடித்தது என்று சொல்ல வாய்ப்பாகப் போயிற்று. ஆனால் அந்த மழையை ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிட்ட பன்னாட்டு அறிவியலாளர் குழுவால், அந்த ஒரு நாள் மழையில் காலநிலை மாற்றத்தின் பங்கைத் தெளிவாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தபோது, அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியிருந்தது. ஏரிகளில் ஆக்கிரமிப்பு, செம்பரம்பாக்கத்தின் நீர்த் திறப்பு, திட்டமிடாத நகர வளர்ச்சி எல்லாம் அதில் இருந்தன. நூறு ஆண்டில் காணாத மழை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஏரியை விற்றவன், கால்வாயை அடைத்தவன், பட்டா கொடுத்தவன் எல்லோருக்கும் பொதுமன்னிப்பு கிடைத்துவிடும்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்று பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 விழுக்காடு கூடுதல் வலுவடைந்தது என்று அதே வகை ஆய்வு ஒன்று சொன்னது. அப்படியானால் அந்தப் பத்து விழுக்காட்டை உலகத்தோடு பேசித் தீர்ப்போம். மீதியை யாரோடு பேசுவது? மண்வெட்டியோடு நிற்கும் நம்மோடுதான்.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம் அது. ஆறும் கடலும் ஒன்றான ஊர்களில் மக்கள் மாடியில் நின்றுகொண்டிருந்தபோது டெல்லியும் சென்னையும் எதைப் பற்றிப் பேசின? வானிலைத் துறை போதிய அளவு எச்சரிக்கவில்லை என்று மாநிலம் சொன்னது. பல நாள் முன்பே சொன்னோம் என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பதில் சொன்னார். வயநாட்டிலும் அதே காட்சி: முன்கூட்டியே எச்சரித்தோம் என்றார் உள்துறை அமைச்சர் அமித் ஷா, அப்படி எச்சரிக்கை வரவில்லை என்றார் முதல்வர் பினராயி விஜயன். எச்சரிக்கைச் சீட்டில் எத்தனை மணி என்று எழுதியிருந்தது என்பதோடு விவாதம் முடிந்துபோகிறது. அங்கே வீடு ஏன் இருந்தது என்ற இடத்துக்கு அது நகர்வதேயில்லை.

அரசியல்வாதிகளை மட்டும் திட்டிவிட்டு இறங்கிப்போனால் நீங்கள் கைதட்டுவீர்கள். எங்கள் கரையோரத்து மக்களையும் கொஞ்சம் பேச வேண்டும், பிறகு உங்களையும்.

தேர்தல் வந்தால் எங்கள் மீனவக் கிராமங்களில் எந்த வேட்பாளரும் கொடுத்தாக வேண்டிய வாக்குறுதி ஒன்று உண்டு: தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகப் பாறாங்கல்லைக் கொட்டிப் போடும் தடுப்பு. நம் கிழக்குக் கரையில் கடற்கரை மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். நிகரக் கணக்கில் வடக்குப் பயணம்தான். குறுக்கே கல் போட்டால் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் மணல் வராது, கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகத்தைக் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமாகி, வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனது இப்படித்தான். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் போட்டார்கள். நகரத்துக் கடற்கரை மணலே மறைந்துபோய், பிறகு வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அரிப்பு ஏறிப்போனது.

தூண்டில் வளைவு கிடைத்த ஊரில் மணல் சேர்கிறது, சட்டமன்ற உறுப்பினருக்கு மாலை விழுகிறது. வடக்கே அடுத்த ஊரில் வீடு விழுகிறது. “கடல் எடுத்துக்கிச்சு” என்பார்கள். அந்த ஊர் சாலை மறியல் செய்கிறது, அங்கேயும் ஒன்று. நம் வாசல் குப்பையைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டே போகும் தெருவைப் போலக் கரை முழுக்கக் கல்லாகிறது. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது தமிழ்நாட்டுக் கரையில் 42.7 விழுக்காடு அரிப்பில் இருந்தது. நாடு முழுவதற்குமான சராசரி மூன்றில் ஒரு பங்கு.

மீனவர்களுக்கு இது தெரியாதா? கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றைத் திசைவாரியாகப் பிரித்துப் பழகியவர்களுக்கு மணல் நகர்வு தெரியாமல் இருக்குமா! தெரிந்தேதான் கேட்கிறார்கள். ஏனென்று பார்த்தால் ஒரு பழைய காயம் தெரியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசாணை, கரையை விட்டுத் தள்ளிப்போனால் புதுவீடு, கரையிலேயே இருப்பேன் என்றால் உதவி இல்லை என்ற வகையில் இருந்தது. படகையும் வலையையும் விட்டு எங்கே தள்ளிப்போவது? குடியிருப்பவனை நகர்த்தவே கோடு போடுகிறார்கள், காலி செய்த கரையில் நாளைக்கு ஓட்டல் வரும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணங்களும் இருந்தன. இன்றைக்கும் கடற்கரை வரைபடங்களில் வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் மணலும் விட்டுப்போகின்றன என்று அவர்கள் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, அபாயக் கோடு என்று நான் ஆசையோடு சொல்கிற கோடு அவர்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது. கல் கொட்டினால் ஊர் அங்கேயே இருக்கும், கோடு போட்டால் ஊர் போய்விடும். இதில் எதைத் தேர்வார்கள்?

மலையிலும் இதே கணக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்காக மாதவ் காட்கில் குழு 2011இல் அறிக்கை கொடுத்தபோது, குடியேற்ற விவசாயிகளை விரட்டும் சதி என்று கேரள மலைப்பகுதிகள் கொதித்தன. இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினர் பி.டி. தாமஸ் அறிக்கையை ஆதரித்தார். அவருக்குச் சவ ஊர்வலம் நடத்திக் காட்டினார்கள். 2014 தேர்தலில் அவருடைய காங்கிரஸ் கட்சியே அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வேறொருவரை நிறுத்தியும் தொகுதியை அறிக்கை எதிர்ப்பாளர்கள் ஆதரித்தவர் பிடித்தார். உண்மையைச் சொன்னால் ஓட்டுப் போகும் என்ற பாடத்தை மற்ற அரசியல்வாதிகள் ஒரே தேர்தலில் படித்துக்கொண்டார்கள். மறுப்பை நாம்தான் விலை கொடுத்து வாங்குகிறோம், அவர்கள் விற்கிறார்கள்.

உங்களுக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. இந்த மலையில் மழை மாறிவிட்டது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. 1820ஐ ஒட்டிச் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் வந்த செடி இந்தக் காப்பி. பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல பூ மழை, சுமார் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூப்பது, அதைத் தாங்க இன்னொரு மழை என்று அதன் ஆண்டு ஓடும். அந்த மழை தை மாதத்திலேயே விழுந்தால் பழம் பறிக்கும்போதே பூ வந்துவிடுகிறது. ஒரே கிளையில் பழுத்ததும் பச்சையும் மொட்டும் இருந்தால், பறிக்கிற பெண்கள் ஒரே செடிக்கு எத்தனை தடவை வருவார்கள், கூலியை எப்படிக் கட்டுவது? இதைத் தோட்டத்துக்காரர் எவரும் மறுப்பதில்லை. கையில் படுகிறது.

சரிவை வெட்டுவதில்தான் பேச்சு மாறுகிறது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் வந்தது; ஹாகா என்றால்தான் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஏற்காடு அதன் பட்டியலில் இருக்கிறது. எங்களுக்குக் கடற்கரை அறிவிக்கை எப்படியோ அப்படி உங்களுக்கு ஹாகா. அதைத் தளர்த்தச் சொல்லி மனுக் கொடுக்காத மலைத்தொகுதி தமிழ்நாட்டில் உண்டா? ஜேசிபி ஒரு நாள் வந்து செங்குத்தாக வெட்டிவிட்டுப் போன மண்சுவருக்கு முன்னால் விடுதி எழும்புகிறது. சுவரின் நெற்றியில் மரவேர் தொங்குகிறது, அதன் அடியில் தண்ணீர் வழிய ஒரு குழாயும் இல்லை. சிறு விவசாயி கொட்டகை போட அனுமதி கேட்டு நடையாய் நடக்கிறான். பெரிய கட்டிடத்துக்கு அந்த நடை தேவைப்படுவதில்லை. இந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் மீனவர் சொல்வதும் இதே வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தை முன்னால் நிறுத்தி விதியையே தளர்த்தினால், பலன் கொட்டகைக்காரனுக்குப் போவதில்லை. 2019இல் 200 மீட்டர் 50 மீட்டரானபோதும் மீனவர் வீட்டுக்காக என்றுதான் சொன்னார்கள்.

வெட்டிய சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்காது, சேறாக ஓடும். வாணியாற்றில் மண்ணோடு வேகமாக வரும். சாத்தனூருக்கு அது கூடுதல் தண்ணீர், குறைந்த கொள்ளளவு, குறைந்த நேரம். கடலூரில் அபாயக் கோடு போடும்போது கடலிலிருந்து வருவதை மட்டும் அளக்கிறார்கள். பின்னாலிருந்து ஆறு கொண்டுவருவது அந்தக் கணக்கில் சரியாக வருவதில்லை. 2024இல் எங்களை முழுக்கியது கடல் இல்லை. புயல் கடலில் பிறந்தது, மழை உங்கள் பக்கம் பெய்தது, வெள்ளம் எங்களுக்கு வந்தது. மூன்றையும் ஒரே தாளில் வரைந்து காட்டும் வரைபடம் ஒன்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்திலும் வேண்டும், ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்திலும் வேண்டும்.

அது வரும்வரை கையில் இருப்பதைக் கேட்டு வாங்கலாம். மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிடம் இருக்கிறது. கடற்கரைக்கு அபாயக் கோடு நில அளவைத் துறையிடம் இருக்கிறது. சாத்தனூரிலும் வாணியாற்றிலும் எந்த நீர்மட்டத்தில் எவ்வளவு திறப்பது என்ற விதி நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அது கடைசியாக எப்போது திருத்தம் கண்டது என்பதும் அங்கேயே இருக்கும். ஆண்டுக்குப் பல முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சித் தலைவரிடம் தெருவிளக்கு கேட்கும் அதே கூட்டத்தில் இந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டச் சொல்லித் தீர்மானம் போடலாம். எங்கள் பக்கம் சில ஊர்களில் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் தாளில் உங்கள் சரிவு இருக்க வேண்டும், உங்கள் தாளில் எங்கள் முகத்துவாரம் இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். வாணியாற்றுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருந்தால் முதலில் கேளுங்கள். எனக்கும் அவர்களிடம் கேட்க இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது.